பிள்ளை தானாக வந்து சொல்லும் வீடு: பதின்ம வயதும் போதைப்பொருளும் பற்றி ஒரு தாயின் கேள்வி

உவர்மலைத் தாய்:

சென்ற சனிக்கிழமை மகனின் காற்சட்டையைத் தோய்க்கப் போட்டபோது, அதன் பையில் பொலித்தீன் உறையில் சுற்றிய மாவா அகப்பட்டது. பாக்கும் புகையிலையும் சுண்ணாம்பும் சேர்ந்த அந்த வாடை எனக்குப் புதிதில்லை. என் அப்பப்பா வெற்றிலை போட்டவர். அவர் முற்றத்தில் இருந்து எல்லோரும் பார்க்கத்தான் போட்டார். என் மகனுடையதோ நாலாக மடித்த ரியூசன் தாளுக்குள் ஒளிந்திருந்தது. அவனுக்குப் பதினைந்து வயது. அடுத்த ஆண்டு சாதாரண தரப் பரீட்சை. கணவர் கட்டாரில் வேலை செய்கிறார். வீட்டில் நானும் மகனும் அவனுடைய தங்கையும் என் தாயாரும் இருக்கிறோம்.

இன்னும் நான் அவனிடம் எதுவும் கேட்கவில்லை. உறையை அரிசி வாளிக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். ஞாயிறு காலை அவன் கொடியில் காய்ந்த காற்சட்டையின் பைக்குள் கைவிட்டுப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். பிறகு ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டான். எனக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும். அப்படியிருந்தும் மூன்று நாட்களாக அவனுக்குச் சோறு போடுகிறேன், அவனும் சாப்பிட்டுவிட்டு எழுந்து போகிறான்.

பொலிசார் என்ன செய்ய வேண்டும், பாடசாலை என்ன செய்ய வேண்டும் என்று எங்கள் திருகோணமலை நகரத்தில் நிறையப் பேசுகிறார்கள். அவை தேவையான பேச்சுகள்தான். நான் கேட்பது வீட்டைப் பற்றியது. இது மாவாவோடு நிற்கவும், நாளை வேறொன்றாக வளராமல் இருக்கவும் ஒரு வீட்டுக்குள் என்ன நடக்க வேண்டும்? அவன் வாயைத் திறப்பதற்கு முன் நான் எதைச் சரிசெய்துகொள்ள வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

திருக்கடலூர்த் தகப்பன்:

தங்கச்சி, உங்கள் மனவேதனை விளங்குகிறது. எனக்கும் பதினாறு வயதில் மகன் இருக்கிறான். ஆனால் நீங்கள் மூன்று நாள் பொறுத்ததே பிழை என்பது என் கருத்து. எங்கள் அப்பா கடலால் வந்து வலையைக் கரையில் போடும்போதே, நாங்கள் அன்று எங்கே போனோம், யாரோடு நின்றோம் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கும். அடி விழும் என்ற பயம் இருந்தபடியால் ஒழுங்காக இருந்தோம். இன்று பயம் இல்லை. கைத்தொலைபேசியை வாங்கி வையுங்கள். பையை நாள்தோறும் சோதியுங்கள். ரியூசனுக்கு நீங்களே கூட்டிப்போய்க் கூட்டிவாருங்கள். இப்போது ஊருக்குள் வருவது கஞ்சா மட்டுமன்று, ஐஸ் என்கிற மெத்தம்பெட்டமைன் போதைப்பொருளும் வருகிறது. 2022 ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தின்படி 5 கிராமோ அதற்கு மேலோ ஐஸ் வைத்திருந்த குற்றம் நிரூபிக்கப்பட்டால் மரண தண்டனை அல்லது ஆயுட்காலச் சிறை. இதைப் பிள்ளைக்கு எடுத்துச் சொல்லிப் பயம் காட்டாமல் வேறு எப்படிக் காப்பாற்றுவது?

பாலையூற்று, ஓய்வுபெற்ற தாதி:

மகள், முதலில் கையில் அகப்பட்ட பொருளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மாவாவை "வெறும் பாக்குத்தானே" என்று யாரும் உங்களை ஆறுதற்படுத்த இடங்கொடாதீர்கள். அதிலுள்ள புகையிலையின் நிக்கொட்டின் வாயின் மெல்லிய தோலால் நேரே இரத்தத்தில் கலக்கிறது. பாக்கு தனியாகவே புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. நம் நாட்டு ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய் என்பதை விடுதியில் பணிசெய்த காலத்தில் என் கண்ணாலேயே கண்டிருக்கிறேன்.

மூளையின் வளர்ச்சி ஏறக்குறைய இருபத்தைந்து வயது வரை நடக்கிறது. ஆசையைத் தூண்டும் பகுதி முந்தி வளர, நிதானித்து முடிவெடுக்கும் முன்பகுதி பிந்தி வளர்வதால், பதினைந்து வயதில் பழகுவது நாற்பது வயதில் பழகுவதைவிட ஆழமாக வேரூன்றும். அமெரிக்காவில் 1997 இல் வெளியான ஓர் ஆய்வில், பதினான்கு வயதிலோ அதற்கு முன்போ குடிக்கத் தொடங்கியவர்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் பிற்காலத்தில் மதுவுக்கு அடிமையானார்கள். இருபது வயதுக்குப் பிறகு தொடங்கியவர்களில் அது ஏறக்குறைய நூற்றுக்குப் பத்துப் பேராக இருந்தது. ஆகவே தொடங்கும் வயதை ஒரு வருடம் தள்ளிப்போட முடிந்தாலும் அது பெரிய காரியம்.

தம்பி திருக்கடலூர் சொன்ன சோதனையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பெற்றோருக்குப் பிள்ளையைப் பற்றி எவ்வளவு தெரிகிறதோ அவ்வளவுக்குப் பிள்ளை காக்கப்படும் என்று நெடுங்காலமாக நம்பப்பட்டு வந்தது. 2000 ஆம் ஆண்டு சுவீடனில் ஸ்டாட்டின், கெர் என்ற இரு ஆய்வாளர்கள், அந்த அறிவு பெற்றோருக்கு எந்த வழியாக வருகிறது என்று பதினான்கு வயதுப் பிள்ளைகள் எழுநூறு பேரளவில் வைத்துத் தேடினார்கள். கேள்விமேல் கேள்வி கேட்டும், கட்டுப்பாடு விதித்தும் பெற்றோர் அறிந்துகொண்டது குறைவு. பெரும்பகுதி பிள்ளைகள் தாமாக வந்து சொன்னதால்தான் தெரிந்திருந்தது. கண்காணிக்கப்படுகிறோம் என்ற உணர்வு கூடிய பிள்ளைகள் நலமாக இருந்ததாகவும் தெரியவில்லை.

சோதனையே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. பையைத் திறந்தால் நேற்றைய பொருள் அகப்படும். நாளைக்கு அவனை யார் எங்கே கூப்பிட்டிருக்கிறார்கள் என்பதை அவன் வாயால் சொன்னால்தான் உண்டு. அப்படிச் சொன்ன பிள்ளைக்கு முன்பு வீட்டில் என்ன நடந்தது என்பதை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். போன வருடம் ஏதாவது ஒரு சின்னப் பிழையை அவன் தானாக ஒப்புக்கொண்டபோது நீங்கள் என்ன செய்தீர்கள், மகள்?

கிண்ணியாப் பொடியன்:

எனக்கு இப்போது இருபத்து நான்கு வயது. பெரியவர்கள் பேசுகிற இடத்தில் பிள்ளையின் பக்கத்திலிருந்து ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன்.

நான் ஒன்பதாம் ஆண்டில் படிக்கும்போது உம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனார். வாப்பா இன்னொரு குடும்பத்தோடு வேறு ஊரில் இருந்தார். மூத்தம்மாவோடு வளர்ந்தேன். வீட்டில் இருந்த மாமா ஒருவர் ஒவ்வொரு நாளும் மஃரிபுக்குப் பிறகு சிகரட் வாங்கிவர என்னைத்தான் கடைக்கு அனுப்புவார். இருபத்தொரு வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் புகையிலையும் மதுவும் விற்கக்கூடாது என்ற சட்டம் 2006 ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. எனக்கும் தெரியாது, கடைக்காரரும் ஒருநாளும் கேட்டதில்லை. மிச்சக் காசில் ஒன்றை எனக்கென்று வாங்கிய நாள் எது என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் திருடியதாக அப்போது எனக்குத் தோன்றவில்லை. அது வீட்டுச் சாமான்போலத்தான் பட்டது.

உம்மா வெள்ளிக்கிழமைகளில் தொலைபேசியில் பேசுவார். "சாப்பிட்டியா மகன், தொழுதியா, படிக்கிறியா" என்று கேட்பார். மூன்றுக்கும் "ஓம் உம்மா" என்று சொல்லிவிடுவேன். நான்காவதாக ஒரு கேள்வி இருந்திருந்தால், உதாரணமாக "இன்றைக்கு யாரோடு இருந்தாய், எது பிடித்தது, எது பயமாக இருந்தது" என்று கேட்டிருந்தால், நான் சொல்லியிருப்பேனா என்று இப்போதும் யோசிக்கிறேன். உம்மா மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர் அனுப்பிய காசில்தான் வீட்டுக்குக் கூரை வந்தது.

சாதாரண தரப் பரீட்சை முடிந்த பிறகுதான் உண்மையான சறுக்கல். பெறுபேறு வரும்வரை மாதக்கணக்கில் வேலையும் இல்லை, படிப்பும் இல்லை. காலையில் எழும்ப ஒரு காரணமும் இல்லை. பாலத்தடியில் இருந்த கூட்டத்தில் முதலில் கஞ்சா, பிறகு மாத்திரை. ஐஸுக்குப் போகவில்லை. அதற்குக் காரணம் என் சாச்சா. அவருக்கு மோட்டார் சைக்கிள் திருத்தும் கடை இருக்கிறது. ஒருநாள் வந்து, "நாளையிலிருந்து பின்னேரம் கடைக்கு வா, ஆள் இல்லை" என்று மட்டும் சொன்னார். இரண்டு கிழமையாக அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. பிளக்கைக் கழற்றவும் எண்ணெய் மாற்றவும் சொல்லித்தந்தார். இஷாவுக்குப் பிறகு தன் வீட்டில் சாப்பாடு தந்து அனுப்பினார். மூன்றாம் கிழமை ஒருநாள் நானாகவே சொன்னேன். அவர் கையைத் துடைத்துவிட்டு, "எவ்வளவு நாளாக?" என்று மட்டும் கேட்டார். அன்று கை ஓங்கியிருந்தால் நான் திரும்பிப் பாலத்தடிக்குத்தான் போயிருப்பேன்.

திருக்கடலூர்த் தகப்பன்:

தம்பி, நீங்கள் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். ஆனால் உங்கள் சாச்சாவைப்போல் பொறுமை உள்ளவர் எத்தனை வீட்டில் இருக்கிறார்? அடியும் இல்லை, சோதனையும் இல்லை என்றால் வீட்டில் சட்டம் என்று ஒன்று இருக்குமா? பிள்ளையின் நண்பனாக இரு என்று சொல்கிறார்கள். எனக்கு நண்பர்கள் இருக்கிறார்கள். என் மகனுக்குத் தேவை தகப்பன்.

மூதூர், இளைப்பாறிய ஆசிரியர்:

தம்பியின் கடைசி வசனத்தோடு நான் உடன்படுகிறேன். தகப்பன் தகப்பனாகத்தான் இருக்க வேண்டும். டயானா பவும்ரிண்ட் என்ற உளவியலாளர் 1960களில் பிள்ளை வளர்ப்பு முறைகளை வகுத்தபோது, அன்பு நிறைந்து விதி தளர்ந்த வீட்டை ஒரு வகையாகவும், விதி நிறைந்து அன்பை வெளிக்காட்டாத வீட்டை இன்னொரு வகையாகவும் வைத்து, இரண்டும் உறுதியாக இருக்கும் வீட்டை மூன்றாவதாக வைத்தார். அந்த மூன்றாவது வகை வீட்டுப் பிள்ளைகளிடம் போதைப் பாவனை குறைவு என்பது பின்னர் பல நாடுகளில் திரும்பத் திரும்பக் காணப்பட்டிருக்கிறது. விதியைத் தெளிவாக முன்கூட்டியே சொல்ல வேண்டும். அதற்கான காரணத்தையும் சொல்ல வேண்டும். மீறினால் என்ன நடக்கும் என்பதையும் சொல்லி, சொன்னதை மட்டுமே செய்ய வேண்டும். மாலை ஆறரைக்கு வீட்டுக்கு வர வேண்டும் என்று விதித்துவிட்டு, ஒருநாள் எட்டு மணிக்கு வந்தவனைக் கண்டும் காணாமலும், இன்னொருநாள் ஆறே முக்காலுக்கு வந்தவனை அடித்தும் நடத்தினால், அந்தப் பிள்ளை விதியைப் படிப்பதில்லை, நம் முகத்தைத்தான் படிக்கிறது.

சும்மா இருக்கும் காலத்தைப் பற்றிக் கிண்ணியாத் தம்பி எழுதியதுதான் இதுவரை எழுதப்பட்டவற்றில் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. முப்பத்திரண்டு வருடம் கற்பித்த எனக்கு, பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரையான அந்த மாதங்களில்தான் பல பிள்ளைகள் கைநழுவிப் போனார்கள். ஐஸ்லாந்து என்ற சிறிய நாட்டில் 1998 இல் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 42 பேர் முந்திய ஒரு மாதத்துக்குள் குடித்து வெறித்திருந்தார்கள். 2016 இல் அது நூற்றுக்கு 5 பேராகக் குறைந்தது. நாள்தோறும் புகைத்தவர்கள் 23 வீதத்திலிருந்து 3 வீதமானார்கள். அவர்கள் செய்தவற்றில் பெரும்பகுதி பிள்ளையின் மாலை நேரத்தைப் பற்றியது. விளையாட்டுக்கும் இசைக்கும் அரசும் நகரசபைகளும் காசு கொடுத்தன. பதின்மூன்று முதல் பதினாறு வயது வரையான பிள்ளைகள் குளிர்காலத்தில் இரவு பத்து மணிக்குப் பிறகு வெளியில் நிற்கக்கூடாது என்று விதித்தார்கள். அதைவிட முக்கியமாக, ஒரே வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர் ஒன்றுகூடித் தங்களுக்குள் உடன்பாடு செய்துகொண்டார்கள். "எல்லாருடைய அம்மாவும் விடுகிறார்கள், நீங்கள் மட்டும்தான் விடுகிறீர்கள் இல்லை" என்று பிள்ளை சொல்லும்போது அது உண்மையா என்று தெரிந்திருந்த பெற்றோர் அவர்கள்.

நம்மிடம் அவ்வளவு காசு இல்லை. ஆனால் ஒரே ரியூசன் வகுப்புக்கு வரும் பத்துப் பிள்ளைகளின் தாய்மார் ஒருவருடைய தொலைபேசி இலக்கத்தை இன்னொருவர் வைத்திருக்கக் காசு தேவையில்லை. ரியூசன் ஆறு மணிக்கு முடிகிறதா, ஆறரைக்கு முடிகிறதா என்பதே பல வீடுகளில் தெரியாது. அந்த அரை மணித்தியாலம்தான் கடைச் சந்தியில் கழிகிறது.

பயமுறுத்துவதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நானே அந்தப் பிழையைச் செய்திருக்கிறேன். சர்வதேச போதை ஒழிப்புத் தினமான ஜூன் 26 ஆம் திகதி வந்தால் பாடசாலையில் அழுகிய ஈரலின் படத்தைக் காட்டுவோம், மீண்டு வந்த ஒருவரை மேடையேற்றிப் பேசவைப்போம். போதைத் தடுப்புக்கென ஐக்கிய நாடுகள் சபையின் அமைப்பு வெளியிட்ட நியமங்கள், இந்த இரண்டு முறைகளாலும் பயன் கிடைத்ததாகச் சான்று இல்லை என்றும், சில வேளை எதிர்மாறான விளைவும் உண்டாகிறது என்றும் எழுதியிருப்பதைப் பிற்காலத்தில் வாசித்தபோது எனக்கு மனம் கனத்தது. அதே நியமங்கள் பெற்றோருக்கான பயிற்சியை மிகுந்த பயனுள்ளவற்றுள் ஒன்றாக வைக்கின்றன.

இன்னுமொன்று. 2006 இல் போரால் எங்கள் பகுதியிலிருந்து இடம்பெயர்ந்து முகாம்களில் வளர்ந்தவர்கள் இன்று தகப்பன்மாராக இருக்கிறார்கள். சிறுவயதில் அடியும் இழப்பும் வீட்டுக்குள் வன்முறையும் பல சேர்ந்து அனுபவித்தவர்களுக்குப் பிற்காலத்தில் மதுவும் போதையும் பல மடங்கு நெருங்கிவிடுகின்றன என்பது 1998 இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வின் முடிவு. அந்த வேதனையை யாரும் கேட்காதபடியால் அவர்கள் பின்னேரத்தில் போத்தலோடு இருக்கிறார்கள். அவர்களைக் குற்றஞ்சாட்டி ஒரு பிள்ளையையும் நாம் காப்பாற்ற முடியாது.

சாம்பல்தீவு அக்கா:

எல்லோரும் ஆண் பிள்ளைகளைப் பற்றியே எழுதுகிறீர்கள். எனக்கு மூன்று பெண் பிள்ளைகள். பெண் பிள்ளை வீட்டை விட்டு வெளியே போகவில்லை என்றால் பிரச்சினை இல்லை என்று நினைத்திருந்தேன். வேப் என்று பழவாசம் அடிக்கும் புகைக்கருவி ஒன்று புத்தகப் பைக்குள் பேனைபோல் கிடந்ததை நான் பேனையென்றே நினைத்தேன். மகள் பிறகு சொன்ன காரணம், இரவு படிக்கும்போது மனம் படபடக்கிறது என்பதுதான். அந்தப் படபடப்பை அவள் எனக்கு ஒரு வருடத்துக்கு முன்பே சொல்லியிருந்தாள். "நல்லாப் படித்தால் பயம் வராது" என்று நான் பதில் சொன்னேன். அந்தப் பதிலை எப்படித் திரும்ப எடுப்பது என்று தெரியாமல் இன்றும் இருக்கிறேன்.

திருக்கடலூர்த் தகப்பன்:

கடலுக்குப் போகாத நாட்களில் நான் வீட்டில் குடிப்பவன். சிகரட் வாங்க மகனை அனுப்புபவனும் நான்தான். கிண்ணியாத் தம்பி எழுதியதை வாசித்தபோது என் மகன் கடைக்குப் போய்வரும் நடை கண்ணுக்கு முன்னால் வந்தது. நேற்று நானே கடைக்குப் போனேன். மகன், "ஏன் அப்பா, நான் போகவா?" என்று கேட்டான். "வேண்டாம், இனி நீ போக வேண்டாம்" என்றேன். குடியைப் பற்றி இங்கே வாக்குக் கொடுக்க எனக்குத் துணிவில்லை. பதினெட்டு வயது வந்ததும் என் கையாலேயே ஒரு பியர் கொடுத்துப் பழக்கிவிட்டால் வெளியில் போய்க் கெடமாட்டான் என்று நினைத்திருந்தேன். அது சரியா?

பாலையூற்று, ஓய்வுபெற்ற தாதி:

தம்பி, இதை எழுதியது பெரிய காரியம். பியர் கொடுத்துப் பழக்குவது சரியன்று. அவுஸ்திரேலியாவில் ஏறத்தாழ இரண்டாயிரம் பிள்ளைகளை ஆறு வருடம் தொடர்ந்து கவனித்து 2018 இல் வெளியிட்ட ஆய்வில், பெற்றோர் கையால் மது வாங்கிய பிள்ளைகளுக்கு அதனால் எந்தப் பாதுகாப்பும் கிடைக்கவில்லை. அவர்கள் வேறு இடங்களிலும் வாங்கிக் குடிக்கும் வாய்ப்புத்தான் கூடியது. உங்கள் குடியைப் பற்றி மகனுக்கு உண்மையைச் சொல்லலாம். "இதை விட எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, அதனால்தான் நீ தொடங்கக்கூடாது என்கிறேன்" என்று சொல்லும் தகப்பனைப் பிள்ளை நம்பும்.

உவர்மலை மகளுக்கு: பேசும்போது முகத்துக்கு முகம் உட்கார வைக்காதீர்கள், நடந்துகொண்டோ, தேங்காய் துருவிக்கொண்டோ பேசுங்கள். உறையைக் கண்டதை மறைக்காமல் சொல்லுங்கள். "யார் தந்தது?" என்பதை முதற் கேள்வியாக வைக்காதீர்கள், அது நண்பனைக் காட்டிக்கொடுக்கச் சொல்வதாகும். "எப்போதிருந்து, போட்டபோது எப்படி இருந்தது, விட நினைத்தாயா" என்று கேளுங்கள். தங்கையின் முன்னாலோ அம்மம்மாவின் முன்னாலோ வேண்டாம். கோயிலில் சத்தியம் வாங்க வேண்டாம். சத்தியம் தவறிய பிள்ளை அதன்பிறகு உங்களிடம் எதையும் சொல்லாது.

மாவாவுக்கு அப்பாலும் போயிருக்கிறானோ என்ற சந்தேகம் வந்தால் கவனிக்க வேண்டியவை உண்டு: இரண்டு மூன்று இரவு தூங்காமல் இருந்து பிறகு நாள் முழுவதும் தூங்குவது, பசி அற்றுப்போவது, காரணமில்லாமல் யாரோ பார்க்கிறார்கள் என்று சந்தேகிப்பது ஐஸின் பக்கம் காட்டும், கண்மணி ஊசிமுனைபோல் சுருங்கி அரைத்தூக்கத்தில் இருப்பது ஹெரோயினின் பக்கம் காட்டும். இவை பதின்ம வயதின் சாதாரணக் குழப்பமாகவோ மனச்சோர்வாகவோ இருக்கவும் கூடும் என்பதால், வைத்தியரிடம் காட்டாமல் முடிவுகட்ட வேண்டாம். நெடுநாள் குடித்தவரையும் மாத்திரைக்குப் பழகியவரையும் அறையில் பூட்டித் திடீரென்று நிறுத்துவது வலிப்பில் கொண்டுபோய் விடலாம். மாவட்டப் பொது வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு நோயாளியாகவே கூட்டிப்போகலாம். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் இலக்கம் 1927. மனநல உதவிக்கு 1926. சிறுவர் பாதுகாப்புக்கு 1929. அந்தச் சபையின் சிகிச்சை நிலையங்களான தலங்கம, கண்டி, காலி, நிட்டம்புவ எல்லாம் நமக்குத் தூரம். அதனால்தான் தொடக்கத்திலேயே வீட்டில் பேசுவதை நான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

உவர்மலைத் தாய்:

அம்மா, போன வருடம் அவன் ஒப்புக்கொண்ட பிழையைக் கேட்டிருந்தீர்கள். ரியூசன் காசில் இருநூறு ரூபாயைச் செலவழித்ததை அவனாக வந்து சொன்னான். நான் அதைக் கணவருக்குத் தொலைபேசியில் அவன் முன்னாலேயே சொல்லி அழுதேன். அதன்பிறகு அவன் என்னிடம் எதையும் தானாகச் சொன்னதில்லை என்பது நீங்கள் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது.

நேற்றுப் பின்னேரம் அவனை மட்டும் கூட்டிக்கொண்டு டச்சு விரிகுடாக் கடற்கரைக்குப் போனேன். நடந்துகொண்டே முதலில் அந்த இருநூறு ரூபாய்க்கு மன்னிப்புக் கேட்டேன். பிறகு உறையைக் கண்டதைச் சொன்னேன். நெடுநேரம் அவன் ஒன்றும் பேசவில்லை. கோட்டை வாசல் பக்கம் மான்கள் படுத்திருந்த இடத்தில் நின்று, ஐந்தாறு தரம் போட்டதாகவும், முதல்தரம் தலைசுற்றி வாந்தி எடுத்ததாகவும், ரியூசன் முடிந்து எல்லோரும் போடும்போது தான் மட்டும் நிற்க வெட்கமாக இருந்ததாகவும் சொன்னான். முழுவதும் சொன்னானா என்று எனக்குத் தெரியாது. இந்த வீட்டில் புகையிலையும் மதுவும் எந்த உருவிலும் கூடாது என்பதை அவனிடம் தெளிவாகச் சொன்னேன். ரியூசன் முடிந்ததும் நேரே வர வேண்டும், ஒரு மாதத்துக்குக் கைச்செலவுக் காசு நான் அன்றன்றைக்குத்தான் தருவேன் என்றேன். முகம் சுருங்கியது, ஆனால் தலையாட்டினான்.

அவனோடு படிக்கும் இரண்டு பிள்ளைகளின் தாய்மாரின் இலக்கத்தை இன்று காலை வாங்கினேன். யாருடைய பெயரையும் சொல்லவில்லை. வகுப்பு எத்தனை மணிக்கு முடிகிறது என்று மட்டும் மூவரும் சரிபார்த்துக்கொண்டோம்.

வீட்டுப் படலைக்கு வந்தபோது அவன் கேட்டான்: "அப்பாவுக்கு நீங்கள் சொல்லப் போறீங்களா, நான் சொல்லவா?" நீயே சொல் என்றேன். வெள்ளிக்கிழமை இரவு அவர் அழைப்பார். அன்று நானும் அம்மாவும் தங்கையும் பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் போய், அவன் பேசி முடிக்கும்வரை வெளியில் இருக்கப் போகிறோம்.